முப்பத்தோராவது வாரம்

ஆம்பூர் ரயில்வே கேட் பக்கத்து மெடிக்கலில்
சீட்டு கேட்கவில்லை.
வயிற்றைப் பார்த்தான், வீங்கிய விரல்களைப் பார்த்தான்,
ஒரு அட்டை எடுத்துத் தந்தான்.
இருபத்தெட்டு ரூபாய்.

மறுநாள் காலை
நானே எனக்குச் சடை பின்னினேன்.

கம்பெனியில் நூற்றிருபது ஜோடி மேல்தோல்
மதியத்துக்குள் முடிந்தது.
யாரோ ஒரு ஜெர்மன்காரியின் குளிருக்கு
நான் தைத்த பூட்ஸ்.
'இன்னிக்கு உன் மிஷின் பாடுதுடி' என்றாள் ஷகீலா அக்கா.
பாடியது உண்மை.
மிஷினுக்குத் தெரியாது,
உள்ளே ஒருத்தி உதைப்பதைக் குறைத்துக்கொண்டது.
எனக்கும் தெரியாது.
தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள்.
பன்னிரண்டு நாள் வைத்திருந்தேன் அந்த விருந்தாளியை.

வேலூர்.
ஸ்கேன் அறைக்கு வெளியே
வங்காளத்திலிருந்து வந்த ஒரு குடும்பம்
பொரியைப் பிரித்து எனக்கும் நீட்டியது.
டோக்கன் எண்ணை மூன்று மொழியில் கூப்பிட்டார்கள்.
நான்காவது முறைதான் அது என் எண் என்று உறைத்தது.

'தண்ணி ஆறரைதான் இருக்கு' என்றார் டாக்டர் பெனினா.
போன மாதம் பதினான்கு.

தண்ணியில்லாத ஆறு என்று
எங்கள் ஊரைக் கேலி பேசுவார்கள்.
ஜெல் தடவிய வயிற்றோடு படுத்தபடி
அந்தக் கேலியைத் திரையில் பார்த்தேன்.

பிள்ளை குடித்து, பிள்ளையே பெய்வதுதானாம் அந்தத் தண்ணீர்.
மாத்திரை அவள் சிறுநீரகத்திடம்
'போதும்' என்று சொல்லியிருக்கிறது.
இதயத்தை ஒட்டி ஒரு சின்னச் சந்து.
பிறக்கும்வரை திறந்திருக்க வேண்டியது,
இப்போதே கதவை ஒருக்களிக்கப் பார்க்கிறது.

'அப்போ எல்லா மருந்தையும் நிறுத்திடட்டுமா?'

டாக்டர் உடனே பதில் சொல்லவில்லை.
பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார்.
'வீக்கத்தை எரியவிட்டாலும் ஆபத்துதாம்மா.
அந்தச் சூடே பிள்ளையை முன்னாடியே வெளிய தள்ளிடும்.
அணைக்கலாம். ஆனா எதால அணைக்கிறோம்,
எத்தனை நாளு...
உள்ள கிருமி இருந்தா
காய்ச்சல் மறையும், கிருமி மறையாது.
தினமும் சூடு பாருங்க, எழுதி வைங்க.'

வேறொரு மாத்திரை எழுதினார். வெள்ளை, சிறியது.
'இது நஞ்சுக்கொடியத் தாண்டறதுக்குள்ள
பெரும்பாலும் உடைஞ்சிரும்.'

பெரும்பாலும்.
அந்தச் சொல்லைத்தான் மடியில் வைத்துக்கொண்டு
பஸ்ஸில் வந்தேன்.
பள்ளிகொண்டா தாண்டியும் இறக்கி வைக்க முடியவில்லை.
வலப்பக்கம் எங்கோ பாலாறு, மணலும் வேலிகாத்தானுமாக.

நஞ்சு.
பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதற்கும்
பிள்ளையைக் கொல்வதற்கும்
நம் மொழியில் ஒரே பெயர்.
வைத்தவள் யாரோ,
அவளுக்கும் ஏழாம் மாதத்தில் விரல் வீங்கியிருக்கும்.

மூன்று நாள்.
தாழ்ப்பாளை முழங்கையால் தள்ளினேன்.
லோகு சடை பின்னினான், கோணலாக.
தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன்,
கோயிலில் தீர்த்தம் வாங்குகிறவளைப் போல.
சாப்பிட்டதும் இடப்பக்கம் ஒருக்களித்து எண்ணினேன்.
முதல் நாள் நான்கு. பிறகு நானே தூங்கிவிட்டேன்.

மறுபடி வேலூர்.
'எட்டு. சந்தும் திறந்திருக்கு.'
'அடுத்த வாரம்?' என்றேன்.
'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்றார்.
அவர் பொய் சொல்லாதது பிடித்திருந்தது.
கொஞ்சம் சொல்லியிருக்கலாம் என்றும் இருந்தது.

நானும் பொய் சொல்லவில்லை.
மூன்றாவது அட்டையில் ஆறு மிச்சம்,
ஊசி டப்பாவுக்குள், நூல்கண்டுக்கு அடியில்.
இன்னும் தூக்கிப் போடவில்லை.

விடிகாலை நாலரை.
மணிக்கட்டில் யாரோ ஆணி அடிக்கிறார்கள்.
டப்பாவைத் திறக்கவே விரல் வரவில்லை.
மடியில் வைத்துக்கொண்டு
இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.
அப்போது ஒன்று, விலாவுக்குக் கீழே.

ஏழு என்று சத்தமாகச் சொன்னேன்.
லோகு புரண்டு படுத்தான்.
இன்னும் மூன்று வேண்டும்.